கேமராவை எங்கே நிறுத்துவது?

பேங்கில் இருபது வருஷமாகக் கடன் விண்ணப்பங்களைப் புரட்டுகிற ஒருவனிடம் கேமரா வாங்கும் பொறுப்பைக் கொடுத்தால் என்ன செய்வான்? மூன்று கொட்டேஷன் கேட்பான். நானும் அதைத்தான் செய்தேன். அதில் ஆரம்பித்த தேடல் ஐம்பது வருஷம் பின்னால் போய், குஜராத் கிராமம் ஒன்றின் பால் சொசைட்டி வாசலில் நின்றது. அந்தக் கதைதான் இன்றைக்கு. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

கேமரா எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அகமதாபாத் மணிநகரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மில் வேலைக்கு வந்தவர்களின் பேரன் பேத்திகள், ரயில்வேக்காரர்கள், என்னைப் போல டிரான்ஸ்ஃபரில் வந்து விழுந்தவர்கள். இந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்த தமிழ்வழிப் பள்ளி, பிள்ளைகள் குறைந்துபோய் 2020 செப்டம்பரில் மூடப்பட்டது. அப்போது தமிழக முதல்வர் குஜராத் முதல்வருக்குக் கடிதம் எழுதியது பேப்பரில் வந்தது, உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். இப்போது எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு வீட்டு மாடி அறையில் டீச்சரம்மா நடத்தும் வகுப்புதான்.

டீச்சரம்மாவுக்கு 71 வயது. திருநெல்வேலிப் பக்கம். பிள்ளையின் வேலைக்காக இங்கே வந்தவர். பைசா வாங்காமல் ஆறு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறார். நாலாவது படிக்கும் என் மகளும் அங்கேதான் போகிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள். எழுதச் சொன்னால் இங்கிலீஷ், இந்தி, குஜராத்தி மூன்றும் வரும், தமிழ் வராது. அவள் பெயரில் ஒரு ‘ழி’ இருக்கிறது. அதைத் தானே எழுதக் கற்றுக்கொண்டது டீச்சரம்மா விரலைப் பிடித்து இழுத்துப் பழக்கிய பிறகுதான். நான் எவ்வளவோ முயன்றும் முடியாத காரியம் அது. (எனக்குப் பொறுமை கிடையாது என்பது தங்கமணியின் தீர்ப்பு. அப்பீல் இல்லை.)

போன நவம்பரில் டீச்சரம்மா, மார்ச்சில் ஊரோடு போய்விடப் போவதாகச் சொன்னார். மகனுக்குக் கோயம்புத்தூரில் வேலை. அவருக்குப் பதில் உட்கார ஆளில்லை. போவதற்குள் அவர் பாடத்தையெல்லாம் வீடியோ எடுத்து வைத்துக்கொள்வோம் என்று பெற்றோர்கள் கூடிப் பேசினோம். 36,000 ரூபாய் சேர்ந்தது. பேங்க்காரன், கணக்கு ஒழுங்காக இருக்கும் என்று பையை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று கொட்டேஷனும் வந்தன. ஐடி கம்பெனித் தம்பி ஒருவர் சொன்னது லென்ஸ் மாற்றும் மிரர்லெஸ் கேமரா. “பேக்ரவுண்ட் அப்படியே மங்கலா போகணும் சார், அப்பதான் புரொஃபஷனல்.” பட்ஜெட் இடித்தது. இரண்டாவது, கல்யாண வீடியோ எடுப்பவரிடம் இருந்த பழைய கேம்கார்டர். மூன்றாவது, நம் கையில் இருக்கும் போனே போதும், ஸ்டாண்டும் மைக்கும் மட்டும் வாங்கலாம் என்றது. இந்த மூன்றாவதைச் சொன்னவர் சிக்கனத்துக்குப் பேர்போனவர் என்பதால் யாரும் மதிக்கவில்லை.

இந்த மூன்று காகிதமும் என் மேஜையில் கிடந்த அன்றைக்குத்தான் காகா வந்தார். (நம்மூர்க் காக்கா இல்லை; குஜராத்தியில் சித்தப்பா.) நவம்பர் மாதம் பேங்கில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், பென்ஷன்காரர்கள் உயிரோடிருக்கிறேன் என்று சான்றிதழ் கொடுக்க வரிசையில் நிற்கும் மாதம். காகாவுக்கு 62. கேடா ஜில்லாக்காரர். கேமரா படத்தைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார். சொன்னேன். “பாடத்தை வீடியோவில் எடுப்பது புதுசா என்ன? நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர் டேரியில் டிவி வைத்துப் பாடம் நடத்தினார்களே” என்றார். எப்போ என்றேன். எமர்ஜென்சி சமயம் என்றார். நான் நம்பவில்லை. 1975-ல் மதுரையிலேயே டிவி கிடையாது, கேடா கிராமத்திலா?

மன்னிக்கணும் காகா. இனி கொசுவர்த்தி சுற்றுகிறேன்.

இந்தியாவில் தொலைக்காட்சி பிறந்ததே பாடம் நடத்தத்தான் என்று சொன்னால் இன்றைய சீரியல் ரசிகர்கள் சிரிப்பார்கள். 1959 செப்டம்பர் 15-ல் டெல்லியில் சோதனை ஒளிபரப்பு. 1961-ல் டெல்லிப் பள்ளிகளுக்கு டிவி பாடம். 1967-ல் டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் ‘க்ருஷி தர்ஷன்’. எல்லாமே ஸ்டூடியோக் கேமரா. சக்கரம் வைத்த பீடத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பூதம் அது. அதை வெளியே கொண்டுபோக முடியாது. அதனால் ஆசிரியர் ஸ்டூடியோவுக்குப் போனார், கண்ணைப் பறிக்கும் விளக்கில் வேர்த்து வழிந்தபடி எதிரே இல்லாத பிள்ளைகளைப் பார்த்துப் பேசினார்.

விக்ரம் சாராபாய்க்கு இது போதவில்லை. ரோடும் கரண்டும் ஒழுங்காக இல்லாத கிராமத்துக்கு நேரே வானத்திலிருந்து பாடம் இறக்கலாம் என்றார். 1969-ல் நாசாவுடன் ஒப்பந்தம் ஆனது. 1971 டிசம்பர் 30-ல் அவர் போய்விட்டார். ஆனால் வேலை நிற்கவில்லை. ஏ.டி.எஸ்-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளை ஆப்பிரிக்காவுக்கு மேலே நகர்த்தி வைத்து, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, சரியாக ஒரு வருஷம், ‘சைட்’ என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட சோதனை நடந்தது. ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். ஒவ்வொரு கிராமத்திலும் பொது இடத்தில் ஒரு டிவி. கோழிக்கூட்டுக் கம்பி வலையில் செய்த பத்தடிக் கிண்ணம்தான் ஆன்டெனா! காலையில் ஒன்றரை மணி நேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் இரண்டரை மணி நேரம் பெரியவர்களுக்கு. ஏறக்குறைய 50 ஆயிரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியும் இதில் நடந்தது.

சிக்னல் முக்கியமாக மேலே போனது எங்கிருந்து என்கிறீர்கள்? இதே அகமதாபாத்திலிருந்து. ஜோத்பூர் டேக்ராவில் இருக்கிற விண்வெளிப் பயன்பாட்டு மையத்தைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறேன். மூன்று வருஷமாக அது எனக்கு ஒரு டிராஃபிக் சிக்னல், அவ்வளவுதான். அந்த மையத்தின் முதல் இயக்குநர் யஷ்பால். சைட் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் ஏக்நாத் சிட்னிஸ்.

தமிழ்நாடு இந்தப் பட்டியலில் இல்லை. சைட் ஆரம்பித்து இரண்டே வாரத்தில், 1975 ஆகஸ்ட் 15 அன்று, சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வந்தது. ஆனால் அது நகரத்துக்காரர்களின் வரவேற்பறைக்கு. கிராமத்துக்கு வர வெகுநாள் ஆயிற்று. எங்கள் அருப்புக்கோட்டைத் தெருவுக்கு வந்தது நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான்.

சரி, குஜராத்தும் ஆறு மாநிலத்தில் இல்லையே, காகா எப்படிப் பார்த்தார்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

கேடா ஜில்லாவில் நடியாதுக்குப் பக்கத்தில் பீஜ் என்று ஒரு கிராமம். அங்கே தரையிலிருந்து ஒளிபரப்பும் சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை நட்டார்கள். சைட் முடிந்ததும் செயற்கைக்கோள் அமெரிக்கா பக்கம் திரும்பிப் போய்விட, கிராமங்களில் பல திரைகள் இருண்டன. பீஜ் மட்டும் அணையவில்லை. கேடா தகவல்தொடர்புத் திட்டம் என்ற பெயரில் எண்பதுகளிலும் அது தொடர்ந்தது. அமுல் பிறந்த ஆனந்த் ஊரும் அப்போது கேடா ஜில்லாவில்தான் இருந்தது. 1997-ல்தான் தனி ஜில்லா ஆயிற்று. ஆக, ஊருக்கு ஊர் பால் கூட்டுறவுச் சங்கம். அந்தச் சங்கக் கட்டடங்களிலும் பஞ்சாயத்து வீடுகளிலும் டிவிப் பெட்டி. சாயங்காலம் பால் ஊற்ற வந்த கூட்டம் அப்படியே உட்கார்ந்து பார்க்கும். காகாவின் அம்மா பால் கேனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டே பார்ப்பாராம்.

கேமரா விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டூடியோ பூதத்துக்கு மாற்றாக அறுபதுகளின் கடைசியில் ‘போர்ட்டாபேக்’ என்று ஒரு கருவி வந்திருந்தது. 1967-ல் சோனி கொண்டுவந்தது. கையில் ஒரு சின்ன கேமரா, தோளில் தொங்கும் ரெக்கார்டர். அரை அங்குல நாடா. கறுப்பு வெள்ளை. ரெக்கார்டரே எட்டுக் கிலோ பக்கம் இருக்கும், ஆனாலும் ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடக்கலாம். குறைகள் ஏராளம். அதன் உள்ளே இருந்த விடிகான் குழாயைச் சூரியனுக்கு நேரே காட்டினால் குழாய் வெந்துபோய், எந்தப் படத்திலும் அந்தத் தழும்பு தெரியும். வெளிச்சத்தில் கையை ஆட்டினால் வால் நட்சத்திரம் மாதிரி ஒரு கோடு பின்னாலேயே வரும். சுத்தபத்தமான ஒளிபரப்பு இன்ஜினியர்கள் அந்த நாடாவைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள், படம் நிலையாக நிற்காது.

கேடாக்காரர்கள் இந்த மட்டமான கருவியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு வயலுக்கும் கொட்டகைக்கும் போனார்கள். அதற்கு முன்னால், சமூகவியல் படித்தவர்கள் கிராமத்தில் போய் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன தெரிய வேண்டும், எது புரியவில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். நிகழ்ச்சிகளில் சரோத்தர் பகுதியின் பேச்சுவழக்கு. நடித்ததும் பெரும்பாலும் அந்த ஊர் ஆட்கள். குறைந்தபட்சக் கூலி, சாதி, குடி, மாட்டுக்கு வரும் நோய், எல்லாம் பேசினார்கள். பின்னாளில் ‘மிர்ச் மசாலா’ எடுத்த கேதன் மேத்தாகூட அந்த நாட்களில் இங்கே டிவித் தயாரிப்பாளராக வேலை பார்த்தவர்தான். 1984-ல் கிராமப்புறத் தகவல்தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு கேடாவுக்குக் கிடைத்தது.

காகா சொன்ன ஒரு விஷயம் எனக்குள் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது. “படம் ஆடும், சில நாள் முகமே தெரியாது. ஆனா அதில் பேசினது எங்க பேச்சு. எங்க ஊர்க்காரன் ஒருத்தன் டிவியில் தப்பு தப்பாப் பேசினான், நாங்க எல்லாரும் வாயை மூடாமப் பார்த்தோம்.”

இதற்கு நேர் எதிர் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். 1984 ஆகஸ்ட் 15-ல் பல்கலைக்கழக மானியக் குழு, தூர்தர்ஷனில் ‘கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ ஆரம்பித்தது. எண்பதுகளின் கடைசியில், லீவு நாள் மத்தியானம், எதிர்வீட்டு டிவியில் நாங்கள் பத்துப் பேர் உட்கார்ந்து இது எப்போது முடியும் என்று காத்திருப்போம். படம் பளிச்சென்று இருக்கும். கலர் வேறு. முக்கால் அங்குல யூமேட்டிக் நாடா, நல்ல கேமரா, நல்ல விளக்கு. எல்லாம் இங்கிலீஷ். தொடக்க காலத்தில் கணிசமான பகுதி வெளிநாட்டில் எடுத்த படங்கள் வேறு. சிறு நகரத்துக் கல்லூரி மாணவர்களை மனதில் வைத்துத்தான் தொடங்கினார்கள் என்று இப்போது படிக்கிறேன். அருப்புக்கோட்டை சிறு நகரம்தான். எங்கள் தெருவில் பி.ஏ. படித்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவரும் அந்த நேரத்தில் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்.

அதற்காக அது வீண் என்று சொல்லமாட்டேன். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் ஒளிப்பதிவு மையங்கள் வந்தது இந்தத் திட்டத்தால்தான். நல்ல பேராசிரியர்கள் பாடம் எடுத்திருக்கிறார்கள். 2000 ஜனவரி 26-ல் ஞான் தர்ஷன் சேனல், 2003-ல் ஐஐடிக்கள் சேர்ந்து தொடங்கிய என்பிடெல், 2004 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஜுசாட் என்று சங்கிலி நீண்டது. என்பிடெல் வீடியோக்கள் பார்த்து வேலைக்குப் போன பிள்ளைகளை எனக்கே தெரியும். ஆனால் கேடாவில் ஒரு கேள்வி கேட்டார்களே, பார்க்கிறவனுக்கு எது புரியவில்லை என்று, அந்தக் கேள்வி நடுவில் எங்கோ தொலைந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

கேமராவும் இதற்கிடையில் சிறுத்துக்கொண்டே வந்தது. எண்பதுகளில் கேமராவும் ரெக்கார்டரும் ஒரே பெட்டிக்குள் வந்து ‘கேம்கார்டர்’ ஆயிற்று. நம் ஊரில் அது நேராகக் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டது. தொண்ணூறுகளின் நடுவில் டிஜிட்டல் நாடா. 2008-ல் நிகானும் கேனனும் போட்டோ எடுக்கும் கேமராவிலேயே வீடியோவைக் கொண்டுவந்தன. அந்த மங்கலான பின்னணி மோகம் அங்கே பிறந்ததுதான், ஐடி தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை. இதில் காமர்ஸ் படித்தவனுக்கு ஒரு சுவாரசியம் உண்டு. இந்த வகைக் கேமராக்கள் பலவும் 29 நிமிடம் 59 நொடியில் தானாக நின்றுவிடும். கோளாறு இல்லை, வரி! அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பதிவு செய்தால் ஐரோப்பியச் சுங்கத்துறை அப்போது அதை வீடியோ கேமரா என்று வகைப்படுத்திக் கூடுதல் வரி போட்டது. போட்டோ கேமராவாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கம்பெனிகள் ஒரு நொடி முன்னால் நிறுத்திவிட்டன. பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டத்தால் மணிநகரில் டீச்சரம்மா பாதி வாக்கியத்தில் நின்றிருப்பார். புது மாடல்கள் பலவற்றில் இந்தத் தடை இப்போது இல்லை. எங்கள் பட்ஜெட்டுக்குள் வந்த செகண்ட்ஹேண்ட் மாடலில் இருந்தது. ஒன்றாம் கொட்டேஷன் ரிஜெக்ட்.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் கேமராவே இல்லாதவர். சல்மான் கான். நடிகர் இல்லை, அமெரிக்கக்காரர். முதலீட்டு நிறுவனத்தில் ஆய்வாளர், கிட்டத்தட்ட நம்ம டிபார்ட்மென்ட். 2004-ல் வேறு ஊரில் இருந்த அத்தை-மாமா வகைத் தங்கச்சிக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அதுவும் போனிலும் இன்டர்நெட்டிலும். சொந்தக்காரப் பிள்ளைகள் கூடக்கூட, 2006-ல் யூடியூபில் போட்டார். முகமே தெரியாது. கறுப்புத் திரையில் கலர் கலராக எழுதிக்கொண்டே போகும் கை மட்டும், அதிலும் கைகூடத் தெரியாது, எழுத்து மட்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே நோட்டை இரண்டு பேரும் பார்க்கிற உணர்வு வரும். தூரத்தில் இருக்கிற உறவுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க என்று ஆரம்பித்தது என்பதால்தானோ என்னவோ, அதில் மேடைப் பேச்சு வாடையே இல்லை.

அப்புறம் 2020 வந்தது. பள்ளிகள் மூடின. புனேயில் ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் துணி மாட்டும் ஹேங்கரில் போனைக் கட்டித் தொங்கவிட்டுப் பாடம் எடுத்த படம் அந்த ஜூனில் ஊரெல்லாம் சுற்றியதே, நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டிலேயே கல்வித் தொலைக்காட்சி தொடங்கியிருந்ததால் அது கை கொடுத்தது. ஆனால் எனக்கு அந்த ஹேங்கர்தான் போர்ட்டாபேக்கின் பேத்தி என்று படுகிறது.

சரி, நம்ம மாடி அறைக்கு வருவோம். காகா புண்ணியத்தில் நான் கமிட்டிக்கு வைத்த நோட் இதுதான்: கேமரா வாங்க வேண்டாம். இரண்டு வருஷப் பழைய போன் ஒன்று இருக்கிறது, அது போதும். ஸ்டாண்ட், சட்டையில் குத்தும் மைக், ஒரு விளக்கு, மெமரி கார்டு. மொத்தம் 7,400 ரூபாய். மீதியைத் திருப்பிக் கொடுத்தேன். சேர்த்த காசைத் திருப்பிக் கொடுத்த முதல் கமிட்டி இதுவாகத்தான் இருக்கும் :-)

கேமராவை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இரண்டு ஞாயிறு போனது. முதல் வாரம் வழக்கம் போல டீச்சரம்மாவுக்கு எதிரே நிறுத்தினேன். முகம் அழகாக வந்தது. நோட்டில் எழுதியது தலைகீழாக வந்தது. போர்டில் எழுதச் சொன்னால் அவர் முதுகு மறைத்தது. செல்பி கேமராவில் எடுத்துப் பார்த்தோம், அந்தப் போன் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாற்றிச் சேமித்தது. ‘ட’வைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும், நினைத்துப் பாருங்கள். தமிழ் தெரியாத பிள்ளை அதையே படித்துவிடும்!

கடைசியில் சல்மான் கான் வழிதான். டீச்சரம்மாவின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பியை நீட்டி, போன் நேராக நோட்டைப் பார்க்கிற மாதிரி தொங்கவிட்டேன். எழுதுபவர் எப்படிப் பார்க்கிறாரோ அப்படியே பிள்ளையும் பார்க்கும். இதிலும் ஒரு கூத்து. போன் தரையைப் பார்த்துத் தொங்கும்போது எது மேல் எது கீழ் என்று அதற்குத் தெரிவதில்லை, படம் திடீரென்று பக்கவாட்டில் படுத்துவிடும். போனைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, ரெக்கார்டிங்கை ஆரம்பித்துவிட்டு, பிறகு நேராக்க வேண்டும். டீச்சரம்மா வலது கைக்காரர், அதனால் விளக்கு இடது பக்கம். இல்லையென்றால் எழுதுகிற எழுத்தின் மேலேயே கை நிழல் விழும். திரையில் நோட்டைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், கை குறுக்கே வரும்போதெல்லாம் படம் மூச்சு வாங்காது.

அப்படியும் படத்தில் ஒரு கறுப்புப் பட்டை மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தது. விளக்கு மலிவு சரக்கு. இதன் காரணம் தேடினால் மறுபடி வரலாறு. நம் கரண்டு நொடிக்கு 50 சுற்று. அதனால்தான் இந்தியத் தொலைக்காட்சி நொடிக்கு 25 படம் என்ற முறையை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் கரண்டு 60 சுற்று, டிவி 30 படம். நம் போன்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 30-ல் இருக்கின்றன. விளக்கின் துடிப்பும் கேமராவின் துடிப்பும் ஒத்துப்போகவில்லை. செட்டிங்கில் போய் 25 படம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு என்று மாற்றினேன். பட்டை போயே போச்சு. சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிற கரண்டு நம் ஊர்க் கரண்டு என்பதைப் போனுக்குச் சொல்லவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சத்தம் பெரிய தலைவலி. ஜனவரியில் உத்தராயணம். சுற்றிலும் எல்லா மொட்டை மாடியிலும் ஸ்பீக்கர், பட்டம், “காய்ப்போ சே” கூச்சல். அந்த வார ரெக்கார்டிங்கில் டீச்சரம்மா “க, ங, ச” என்று சொல்லச் சொல்லப் பின்னாலிருந்து பட்டம் அறுந்த கூச்சல் வருகிறது. அழிக்க மனம் வரவில்லை, தனியாக வைத்திருக்கிறேன். சட்டை மைக் வந்த பிறகு நிலைமை தேவலை. போன் மைக்குக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். படம் சுமாராக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளும், சொல் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடும்.

பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குள் உயிரெழுத்து, மெய்யெழுத்து, குறியீடுகள் எல்லாம் முடித்துவிட்டோம். எனக்கு ஒரே பெருமை. லேப்டாப்பில் டீச்சரம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு எய்யா. நான் எழுதுதத எல்லாம் எடுத்துட்ட. பிள்ளேள் எங்க தப்பு விடுதுன்னு எடுத்தியா?”

நான் முழித்தேன்.

“எனக்கு ‘ழ’ எழுதத் தெரியும். அத எடுத்து என்ன செய்ய? தெரியாதது ஒண்ணு எழுதும்போதுல்லா எங்க கை திரும்ப மாட்டேங்குன்னு தெரியும்.”

கேடாவைப் பற்றி இரண்டு மாதமாக வாசித்து, ஆபீஸில் போவோர் வருவோரையெல்லாம் உட்காரவைத்துக் கதை சொன்னவன் நான். என் கேமரா ஒருநாள்கூடப் பிள்ளைகள் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த மூன்று ஞாயிறும் கம்பிக்குக் கீழே டீச்சரம்மா நோட்டை எடுத்துவிட்டுப் பிள்ளைகளின் நோட்டை வைத்தார். ஆறு வயதுப் பையன் ஒருவன் ‘ழ’வை வாலிலிருந்து ஆரம்பித்தான். டீச்சரம்மா உடனே தடுக்கவில்லை. அவன் பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கும்வரை காத்திருந்தார். வீடியோவில் ஒரு பத்து நொடி அந்தச் சின்னப் பென்சில் அசையாமல் நிற்கிறது. பிறகு பக்கத்திலிருந்து சுருங்கிய கை ஒன்று உள்ளே வந்து அவன் விரலைப் பிடிக்கிறது. “இங்க இருந்து இறங்கு... அப்படித்தான்... இப்ப சுழி.” விளக்கு இடம் மாறி நிழல் விழுகிறது. பையன் மூக்கை உறிஞ்சும் சத்தம் வேறு. நான் இன்னொரு தடவை எடுக்கலாமா என்றேன். “எதுக்கு? அவனுக்கு இப்ப தெரிஞ்சுபோச்சே” என்றார்.

மொத்தம் 41 துண்டுகள். பென் டிரைவில் போட்டு 14 வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. மார்ச் கடைசியில் நவஜீவன் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டு வந்தோம். காகாவுக்கும் அந்த ‘ழ’ வீடியோவைக் காட்டினேன். தமிழ் ஒரு எழுத்து தெரியாது அவருக்கு. இரண்டு தடவை பார்த்துவிட்டு, பேங்க் ஸ்லிப்பின் பின்பக்கம் பேனாவை எடுத்து எழுதிப் பார்த்தார். சுழியில் மாட்டிக்கொண்டார். என் மகளிடம் காட்டினேன். “வாலில் இருந்து ஆரம்பிச்சிருக்கார்ப்பா” என்றாள்.